படுக்கப் போட்ட ஏணி

பொதுமக்கள் நடக்கும் மேல்பாலம் ஒன்றைத் திருத்த வேலைக்காக மூடுவதானால், அதற்கு ஈடான இன்னொரு வழியை முதலில் திறந்துவிட்டுத்தான் மூடவேண்டும். அந்த வழியில் படி இருக்கக்கூடாது. கூரை இருக்கவேண்டும். ஒருவரையும் வீதிக்குக் குறுக்கே அனுப்பக்கூடாது. பாலத்தின் இரண்டு கரையிலும் உள்ள கட்டடக்காரர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இது இருக்கிறது. எந்தப் பிரிவில் என்றும் என்னால் சொல்லமுடியும். "ஈடான" என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு சட்டத்தரணிகள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மல்லுக்கட்டிய மேசையில் நானும் இருந்தேன். வரைபடச் சுருள்களோடு, தேநீர் வேண்டுமா என்று ஒருவரும் கேட்காத மூலையில்.

நான் ரொறன்ரோவில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள். இலங்கையில் நான் பெற்ற பட்டத்தை இங்கே ஒருவரும் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. பக்குவமாகக் கோப்பில் வைத்துவிட்டு, மற்றவர்கள் விரும்பாத வேலையைத் தந்தார்கள். கட்டடங்களை மேல்பாலங்களோடு பொருத்தும் வேலை. ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து பாலம் வெளிக்கிட்டு, ஆறு வரிசை வாகனம் ஓடும் வீதிக்கு மேலால் போய், எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் புகவேண்டும். சொல்லச் சுகம். இரண்டு கட்டடத்தின் தரையும் ஒருநாளும் ஒரே மட்டத்தில் இராது. ஒருவர் முந்திக் கட்டியிருப்பார், மற்றவர் பிந்தி. அந்த உயர வித்தியாசத்தைப் படி வைக்காமல், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் மூச்சு வாங்காதபடி, பாலத்தின் நீளத்திலேயே கரைத்துவிட வேண்டும். அதோடு பாலம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். கட்டடம் தன்பாட்டில் அசையும். ஆகவே இரண்டையும் இறுக்கிக் கட்டக்கூடாது. நடுவில் ஓர் இடைவெளி விட்டு, அதன்மேல் ஒரு தகட்டைப் போட்டு மூடவேண்டும். நல்ல சம்பந்திமாரைப்போல, ஒட்டியும் ஒட்டாமலும். வேலை சரியாக நடந்திருந்தால், மேலே நடப்பவருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது. இந்தத் தொழிலில் புகழ் வராது. கழுத்து நோ வரும்.

நான் சொல்லும் பாலம் ஸ்காபரோவில் இருக்கிறது. ஒரு கரையில் மோல் என்ற பெரிய கடைத்தொகுதியும் பஸ் நிலையமும். மறுகரையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். பாலத்தின் தரை, கொங்கிறீற் பலகைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிச் செய்தது. பலகை பொருந்தும் இடம் காலப்போக்கில் வெடிக்கும், வெடித்தால் ஊத்தை பிடிக்கும். அதை மறைக்க ஒவ்வொரு பொருத்தின் மேலும் பாலத்துக்குக் குறுக்கே ஒரு கறுத்த றப்பர்ப் பட்டி போட்டேன். பட்டிகள் ஐதாக, தூரந்தூரமாகத் தெரிந்தன. பார்வைக்கு ஒரு தாளம் இருக்கட்டும் என்று இடையிடையே இன்னும் சில பட்டிகள் சேர்த்தேன். ஒரு பட்டிக்கும் அடுத்த பட்டிக்கும் இடையே ஒரு சாதாரண மனிதர் எடுத்துவைக்கும் ஓர் அடி தூரம் வந்தது. அதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிப் பெருமைப்பட ஆசைதான். இல்லை. அப்படி அமைந்துவிட்டது.

பாலம் திறந்த வாரம் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஊரில் கணித ஆசிரியராக இருந்து, இங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மற்றவர்களின் கூட்டல் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தவர். இவர் (கணவரை எழுத்திலும் இப்படித்தான் சொல்ல வருகிறது) ஒரு முனையில் நின்று நெடுகப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரிக் கிடக்கு?"

"நல்லா இல்லையோ?"

"நல்லாத்தான் இருக்கு. ஆர் ஏறுறது எண்டுதான் யோசிக்கிறன்."

"ஏறுறதுக்கில்லை. நடக்கிறதுக்கு."

"நடக்கிறதுக்கு ஏணி குடுத்த முதல் ஆள் நீர்தான்."

அதன்பிறகு வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோருக்கும் இவர் இதைச் சொன்னார். மகள் கலியாணம் முடித்து பிறம்ரனுக்குப் போனபிறகு, நாங்கள் வீட்டை விற்றுவிட்டு அந்தப் பாலத்தின் மறுகரைக் கட்டடத்தில் ஒரு கொன்டோ வாங்கினோம். வயது போனபிறகு பனியில் மிதிக்காமலே மோலுக்கும் பஸ்ஸுக்கும் போகலாம் என்பது என் கணக்கு. "தன்ர ஏணிக்குப் பக்கத்திலை இருந்து காவல் காக்கப்போறா," என்பது இவருடைய கணக்கு.

இவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் சொன்னபோது நாங்கள் கை நடுக்கத்துக்குத்தான் பயந்தோம். கை பெரிதாக நடுங்கவில்லை. கால்தான் ஒட்டியது. நடந்துகொண்டிருப்பார். ஒரு வாசல் வந்ததும் பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிவிடும். உடம்பு முன்னுக்குச் சரியும், கால் வராது. பிடித்து இழுத்தால் விழுவார். குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், கையில் தேநீரோடு, ஆறிப்போகும்வரை நின்றிருக்கிறார். "சிக்னல் சிவப்பு," என்பார். அந்தப் பகிடிக்கு நான் சிரிப்பேன். பிறகு சிரிப்பது கடினமாயிற்று. வெளியே போவதை நிறுத்தினார். நாள் முழுக்க யன்னலடியில் இருந்து, கீழே போகும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது பார்த்தாலும் பேச்சில் ஒரு குத்து வைத்திருக்கும் மனிதர், பேசாமல் இருக்கப் பழகினார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

ஒரு விண்டர் காலை, பல் வைத்தியரிடம் போயே ஆகவேண்டியிருந்தது. பாலத்தின் கதவடியில் வழக்கம்போல ஒட்டிக்கொண்டார். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு விலகிப் போனார்கள். இந்த நாட்டில் மன்னிப்புக்குப் பஞ்சமில்லை. இவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒன்றும் நடக்காததுபோல, வலது காலைத் தூக்கி முதல் கறுப்புப் பட்டிக்கு அங்காலே வைத்தார். இடது கால் அடுத்த பட்டிக்கு அங்காலே. அப்படியே போனார். கையை வீசி, தலை நிமிர்த்தி, கரும்பலகையை நோக்கிப் போகும் வாத்தியாரைப்போல. நான் கைப்பையோடு பின்னால் ஓடவேண்டியிருந்தது.

மோல் பக்கத்துக் கரையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"உம்மட ஏணியிலை ஏறிட்டன்."

தெரிந்த விசயம்தான் என்று வைத்தியர் சொன்னார். தானாக நடக்கும் பழக்கத்தை மூளை தொலைத்துவிடுகிறது. ஆனால் கண்ணுக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், "தாண்டு" என்ற கட்டளை வேறு பாதையால் காலுக்குப் போய்விடுகிறது. சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. இவருக்கு உதவியது.

அதற்குப் பிறகு இவர் தினமும் போனார். குளிர்காலத்தில் ஸ்காபரோவின் தமிழ்ப் பென்சன்காரர்களுக்கு மோல்தான் கடற்கரை. கடை திறப்பதற்கு முன்னமே போய், தொப்பியும் சப்பாத்துமாகச் சுற்றிச் சுற்றி நடந்து, பிறகு கோப்பியோடு இருந்து இரண்டு நாட்டு அரசாங்கங்களையும் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அங்கே இவருக்கு ஒரு கூட்டாளி. ஊரில் தபாலதிபராக இருந்தவர். இவரைவிட மூத்தவர்.

"மாஸ்ரர், மோலுக்குள்ளை தவழுறியள். பாலத்திலை மட்டும் பறக்கிறியள். அங்கை என்ன, சம்பளம் தாறாங்களோ?"

"அது மனிசி போட்ட பாலம் அண்ணை. மெல்லப் போனா வீட்டிலை பேச்சு விழும்."

அப்படிப் பாலத்தில் போய்வந்த இரண்டு வருடமும் இவர் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அறிவித்தல் வந்தது. பாலம் புதுப்பிக்கப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம், மாற்று வழிக்கு அம்புக்குறியைப் பின்தொடரவும். அம்புக்குறியைப் பின்தொடர்ந்து போனேன். லிப்ற்றில் கீழே இறங்கி, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி, ஆறு வரிசை வீதியின் சிக்னலடியில் கொண்டுபோய் விட்டது. அதற்கு அங்காலே அம்புக்குறி இல்லை. கடவுள்தான்.

நான் எழுதினேன். யாருக்கு எழுதவேண்டும், யாருக்குப் பிரதி போடவேண்டும், எந்தப் பிரிவைச் சுட்டவேண்டும் எல்லாம் எனக்குத் தெரியும். பிறம்ரனிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "அம்மா, உங்கட ஸ்ரைல்லை எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். ஜஸ்ற் ரூ லைன்ஸ் எழுதுங்கோ. அப்பாக்கு சுகமில்லை எண்டு சொல்லுங்கோ." சுகமில்லை என்று சொல்லி இரக்கம் கேட்பதற்கு விதியில் பிரிவு இல்லை. நான் என் முறையிலேயே எழுதினேன். கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனத்திலிருந்து உடனே பதில் வந்தது. உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு இயந்திரம் சொல்லியிருந்தது. போன் எடுத்தேன். ஒரு இனிமையான குரல், வீதிமட்டத்தில் வழி இருக்கிறதே அம்மா என்றது. ஈடான வழி என்றால் என்ன என்று விளக்கினேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னது. அது எதையும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். எழுதும்போது மனிதர் மூச்சுவிடும் விதம் வேறு.

பாலத்தின் கதவில் புதுத் தோற்றத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் வழி அடைபட்டதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருப்பது தெரிந்தது. சாம்பல் நிறத்தில், பொருத்தே தெரியாமல், ஒரே வழவழப்பான தரை. கோடுகள் இல்லை.

இதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது என்பதையும் எழுதவேண்டும். கண்பார்வை குறைந்தவர்களுக்கும் மறதி நோய்க்காரருக்கும் தரையில் கறுத்த பட்டி ஒரு படியாகத் தெரியலாம், பள்ளமாகவும் தெரியலாம். அதனால் பொதுவழிகளில் அழுத்தமான கோடுகளைத் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டல் இருக்கிறது. நல்ல வழிகாட்டல். வேறு கட்டடங்களில் அதைக் காட்டி எத்தனையோ தரைகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்குப் படியாகத் தெரிவது இன்னொருவருக்குக் காலாக இருக்கும் என்று எந்த விதியும் எழுதுவதில்லை. எழுதவும் முடியாது. ஆகவே நான் பாலம் முழுக்கக் கேட்கவில்லை. வடக்குப் பக்கக் கைப்பிடியோரமாக, ஒருவர் நடக்கும் அகலத்துக்கு மட்டும், மெல்லிய கோடுகள் விடும்படி கேட்டேன். மற்றவர்கள் நடுவால் போகலாம். அளவோடு வரைந்து, வெட்டுமுகமும் காட்டினேன். ஓய்வுபெற்றபிறகு நான் வரைந்த ஒரே படம் அது. இவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"அகலம் காணுமோ?"

"ஒரு ஆளுக்குத்தானே."

"நீர் பக்கத்திலை வரவேண்டாமோ?"

அகலத்தைக் கூட்டித் திரும்ப வரைந்து அனுப்பினேன்.

காத்திருந்த மாதங்களில் எங்கள் மாடியின் நடைவழியில், லிப்ற் வரைக்கும், குறுக்கே குறுக்கே வெள்ளை ஒட்டுநாடா ஒட்டினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி இது உங்கள் பண்டிகையா என்று கேட்டார். இவர் இரண்டு நாள் நன்றாக நடந்தார். பிறகு, பொது இடத்தில் அனுமதியின்றி எதையும் ஒட்டக்கூடாது என்று கட்டடக் குழுவின் கடிதம் வந்தது. அதே பொறுப்பில் இருந்திருந்தால் அதே கடிதத்தை நானும் அனுப்பியிருப்பேன், இதைவிடக் குறைந்த எழுத்துப் பிழைகளோடு. நாடாவைக் கழற்றி வீட்டுக்குள் ஒட்டினேன். சுவரிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்பிய இவர், "மறியல் கூட்டுக்குள்ளை நடக்கிற மாதிரி இருக்கு," என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார்.

வீதியைக் கடந்தும் பார்த்தோம். தபாலதிபர் எங்களைக் கூட்டிப்போக இந்தக் கரைக்கு வந்திருந்தார். பனி கரைந்து, உப்பும் சேறுமாகக் கிடந்த காலம். வீதியில் இருந்த வெள்ளைக் கோடுகள் அதற்குள் புதைந்துவிட்டன. பாதி தூரம் நன்றாகப் போனோம். நடுவில் இவருடைய கால் ஒட்டிக்கொண்டது. சிக்னல் மாறியது. தபாலதிபர் வாகனங்களைப் பார்த்து, ஊரில் மாட்டைத் தடுப்பதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஒரு கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். அதைக் கேட்டு இன்னும் சிலர் அடித்தார்கள். நான் குடையை மடக்கி, இவருடைய சப்பாத்துக்கு முன்னால் தரையோடு குறுக்கே பிடித்தேன். தாண்டினார். திரும்பவும் பிடித்தேன். தாண்டினார். நான் குனிந்து பின்பக்கமாக நடக்க, இவர் குடையைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"நான் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குப் பிரம்பு காட்டினன்," என்றார் மூச்சு வாங்கியபடி. "இப்ப நீர் எனக்குக் காட்டுறீர்."

அந்தக் கரை சேர்ந்ததும் பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. தபாலதிபர் எதையாவது சொல்லவேண்டுமென்று, "உந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

"என்ர காலத்திலை காகிதம் பிந்தினா ரயில் பிந்தினது எண்டு அர்த்தம். உது ஈமெயில் எல்லே, உது எந்த ரயிலிலை வருகுதாம்?"

இவர் சிரிக்கவில்லை. "இனி வேண்டாம் அண்ணை," என்றார். "மனிசி நடுறோட்டிலை குனிஞ்சு நிக்கிறதை நான் இனிப் பார்க்கமாட்டன்." அன்று டாக்சியில் வீதியின் இந்தக் கரைக்குத் திரும்பினோம்.

நடக்காத கால் வேகமாக மறக்கும். வைத்தியர் தந்த பயிற்சிகளைச் செய்தோம். மருந்தைக் கூட்டினார்கள். தபாலதிபர் சில தடவை வீட்டுக்கு வந்தார். பிறகு அவருக்கும் அந்த வீதியைக் கடக்கும் வயது போய்விட்டது. போனில் பேசினார்கள். போனில் இவர் ஓம் என்றும் இல்லை என்றும் மட்டும் சொன்னார்.

பாலம் திறந்ததும் போனோம். இவரைச் சக்கர நாற்காலியில் கதவுவரை தள்ளிக்கொண்டு போய், கைகொடுத்து எழுப்பிவிட்டேன். கண்ணாடி எல்லாம் புதிது. விளக்குகள் தரையில் விழுந்து மினுங்கின. இவர் நெடுகப் பார்த்தார், முன்னொருநாள் பார்த்ததுபோலவே.

"நல்ல வடிவாச் செய்திருக்கினம்," என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு முதல் பட்டி இருந்திருக்கவேண்டிய இடத்தைத் தேடினார். நான் குடையைக் கொண்டுவந்திருந்தேன். அதை நீட்டப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவடியில், மன்னிப்புக் கேட்டுப் போகிறவர்களுக்கு நடுவில், கொஞ்சநேரம் நின்றோம்.

"ஏணியைக் கழட்டிப்போட்டாங்கள்," என்றார். "கதிரையைக் கொண்டாரும்."

இவர் நின்று பார்த்த கடைசிப் பாலம் அது. அடுத்த விண்டருக்குள் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவதற்கே ஆள் தேவைப்பட்டது. மார்கழியில், தூக்கி மாற்றும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறையில் பூட்டினார்கள். கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவே, ஒரு துணித் தொட்டிலில் இவர் அந்தரத்தில் போய்வருகிறார். முதல்நாள் அதில் தொங்கியபடி என்னைப் பார்த்து, "இது ஆர் போட்ட பாலம்?" என்று கேட்டார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

பதில் ஒரு காலை வந்தது. இயந்திரம் எழுதியது அல்ல. பெயர் போட்டு ஒரு மனிதர் எழுதியிருந்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். பராமரிப்பு நிறுவனம் மாறியபோது என் கோப்பு ஒரு பழைய பெட்டிக்குள் போய்விட்டதாம். என் படத்தைத் தங்கள் பொறியியலாளர் பார்த்ததாகவும், வடக்குப் பக்கக் கைப்பிடியோரமாக, நான் கேட்ட அகலத்துக்கே, கோடுகளைப் பரீட்சார்த்தமாகப் போட முடிவுசெய்துள்ளதாகவும் சொல்லியிருந்தார். மூடியிருந்த காலத்தில் ஈடான வழி தந்திருக்கவேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. கோடுகளின் இடைவெளி சரியா என்று பார்க்க, சம்பந்தப்பட்டவர் ஒரு நாள் நேரில் வந்து நடந்துகாட்ட முடியுமா?

இவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அகலம் ரெண்டு பேருக்கோ?"

"ஓம்."

"அப்ப, வாறம் எண்டு எழுதும்."

எந்த அலுவலகக் கடிதத்தையும் பதில் போடாமல் விட்டவள் அல்ல நான். அதை மட்டும் இன்னும் விட்டுவைத்திருக்கிறேன். கோடுகள் போட்டாயிற்று என்று தபாலதிபரின் மகன் வந்து சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தின் தலைப்பில் உள்ள திகதி, இவரின் கட்டிலடியிலேயே நான் நின்றதால் எங்கள் வீட்டில் பொங்காமலே கடந்துபோன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்.